ஹாலுக்கு எது: மேக் மினியா, விசிறியில்லா மினி பிசியா?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஹாலில் கம்ப்யூட்டர் வைப்பவர்கள் சத்தத்தோடு தூசியையும் யோசிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் துறைமுக லாரிப் புழுதியும் உப்புக்காற்றும் உள்ளே வந்துவிடும்.

2024-இல் வந்த, ஆப்பிளின் எம்4 சிப் போட்ட சின்னக் கம்ப்யூட்டரான மேக் மினி 12.7 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம், டிவி பக்கத்தில் அவ்வளவு அழகு. தனி அடாப்டர் கிடையாது. சத்தம் காதில் விழுவதே அபூர்வம். ஆனால் உள்ளே விசிறி உண்டு, அடிப்பக்கம் வழியாகக் காற்றை இழுக்கிறது, கூடவே தூசியும் போகும்.

இன்டெல் என்100 சிப் போட்ட விசிறியில்லா மினி பிசியில் அலுமினிய உடம்பே சூட்டை வெளியேற்றும். 6 வாட் சிப்தான், சூடு குறைவு. 4கே படம், பாட்டு, பிள்ளைகளின் பாடம் தாராளமாக ஓடும். மேலே உள்ள வரிப்பள்ளங்களில் கறுப்புத் தூசி படியும், துணியால் துடைத்தால் சரி. மூடிய அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு மேக்தான். மற்றவர்களுக்கு, கடலோரத் தெருவென்றால், என்100-ஐத்தான் சொல்வேன்.