ஐந்து பூனைக்கு ஒன்பது பாட்டில் ஷாம்பு

ஐப்பசி மழையில் எதிர்வீட்டு வைக்கோல் போருக்கடியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை என் மகள் மடியில் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஏற்கெனவே நான்கு பூனை. இதற்குப் பொரி என்று பெயரும் வைத்தாயிற்று. பத்தாம் நாள் பொரியின் காதோரம் ஒரு ரூபாய் காசளவுக்கு முடி உதிர்ந்து, சாம்பல் பூசினாற்போல் செதில் தெரிந்தது. மூத்ததுகள் பிறாண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மகளின் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வளையம். படர்தாமரை. பொரியிடமிருந்து ஒட்டிய பூஞ்சை நோய்.

மன்னார்குடியில் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஊரார் பட்டுத்துணி மடித்து வைத்திருக்கும் இடத்தில் பூனை முடி பறந்தால் என்ன ஆகும்? பயத்தில் மருந்துக் கடைக்காரர் நீட்டிய களிம்பை வாங்கிப் பிள்ளைக்குத் தடவினேன். இரண்டு நாளில் அரிப்பு நின்றது. பத்து நாளில் ஒரு வளையம் மூன்றானது. தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்து, ஸ்டீராய்டு கலந்தது என்றார். அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவ விட்டுவிடுமாம். அதை நிறுத்தி அவர் கொடுத்த க்ளோட்ரிமசோல் களிம்பைப் போட்டுத்தான் ஆறியது.

பொரியைக் கூடையில் வைத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பஸ் ஏறினேன். அறையை இருட்டாக்கி ஒரு ஊதா விளக்கைக் காட்டினார்கள். காதோர முடியின் அடிப்பகுதி மட்டும் பச்சையாக மின்னியது. மகள் "அம்மா, ரேடியம் ஸ்டிக்கர்" என்றாள். எல்லாப் பூஞ்சையும் இப்படி மின்னாது, மின்னவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "மத்ததுங்களையும் பாக்கணும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு புது டூத் பிரஷ் எடுத்து உடம்பு பூரா வாரிக் கொண்டாங்க." ஐந்து பிரஷ் கேட்டதும் கடைக்காரத் தம்பி, "விருந்தாளியாக்கா?" என்றான். பிரஷில் ஒட்டிய முடியில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க வளர்ப்புச் சோதனைக்கு வைத்தார்கள். முடிவு வர மூன்று வாரம். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத கறுப்பி, மணியக்காரர் என்ற மூத்த பூனைகள் இரண்டுக்கும் பூஞ்சை இருந்தது!

இப்போது பூனைகளைக் குளிப்பாட்டும் பூஞ்சை மருந்து ஷாம்புக்கு வருகிறேன். லேபிளில் மைக்கோனசோல் 2 சதவீதம், குளோர்ஹெக்சிடின் 2 சதவீதம். இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிராண்டைத் துரத்த வேண்டாம். வாரம் இரண்டு முறை, ஐந்து பேருக்கும். நுரை போட்டபின் பத்து நிமிஷம் உடம்பில் ஊற வேண்டும். அட்டையில் இது ஒரே வரி. ஈரப் பூனையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வரியின் நீளம் தெரியும். நான் கொல்லைக் குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, தோளில் தடித்த துண்டைப் போட்டுக்கொண்டு, மடியில் வைத்தபடி பழைய பாட்டு பாடுவேன். கறுப்பி அடங்கிவிடும். மணியக்காரர் என் கையில் போட்ட கோடு இன்னும் மறையவில்லை. நக்கிவிடாமல் நன்றாக அலச வேண்டும். கார்த்திகை ஈரத்தில் ஒன்றும் காயாது; தையல் கடையின் பழைய வேட்டித் துண்டுகள்தான் கை கொடுத்தன.

குறை சொல்வதென்றால், 200 மில்லி பாட்டில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. பத்து வாரத்தில் ஒன்பது பாட்டில். கணக்கை எழுதி வைத்தேன், கூட்டிப் பார்க்கத்தான் மனசில்லை. முகத்தில் போட முடியாது என்பது அதைவிடப் பெரிய குறை. கண், காது ஓரத்தில்தான் பொரிக்கு அதிகம். அங்கே டாக்டர் சொன்ன களிம்புதான். மூன்று பூனைகளுக்கு எடை பார்த்து இட்ராகோனசோல் சொட்டு மருந்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி. அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், ஈரலைப் பாதிக்கக்கூடியது.

ஷாம்பு தனியாக ஜெயித்தது என்று நான் சொல்லமாட்டேன். உதிர்ந்த முடியில் பூஞ்சை விதை ஒன்றரை வருஷம்கூட உயிரோடு இருக்கக்கூடும். அதனால் தினமும் முடியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, விரிப்புகளை இரண்டு தடவை மெஷினில் துவைத்து, சிமெண்ட் தரையை ப்ளீச் கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாக அலசிக் காய்ந்தபின்தான் பூனைகளை விட்டேன். அத்தை பினாயில் ஊற்றப் போனார், தடுத்தேன். பினாயில் பூனைக்கு விஷம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசச் சொன்னார். மனுஷருக்கு நம் பக்கத்தில் வழக்கம்தான். பூசியதை நக்கித் தின்னும் ஜீவனுக்கு நான் துணியவில்லை.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு நட்சத்திரம் பாட்டில் அளவுக்காகப் போகிறது.

பொரிக்கு முடி வளர்ந்துவிட்டது. இரண்டு தடவை பிரஷ் சோதனையில் ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை. ஒன்பதாவது பாட்டிலில் கால்வாசி மிச்சம். அந்த அலமாரிக் கதவு கிரீச்சிட்டால் போதும், மணியக்காரர் கிணற்றடியைத் தாண்டிப் போய்விடுகிறார்.