கறுப்பு வெள்ளையில் காம்போசிஷன்: மூன்று வாத்தியார்கள், மூன்று வழிகள்

கல்லூரியில் புகைப்பட வகுப்பு எடுப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு ஃபிலிமா டிஜிட்டலா என்று போய்விடும். என்னைக் கேட்டால் அது அப்புறம் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். முதலாண்டு மாணவரைக் கறுப்பு வெள்ளையில் இறக்கிவிடும்போது எதை முதலில் பழக்குவது என்பதில்தான் வகுப்பின் தலையெழுத்தே இருக்கிறது. ஃபிரேமுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதையா, ஒளியின் நடத்தையையா, இல்லை கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலிருக்கும் சாம்பல் படிகளையா? அமெரிக்காவில் 1914-க்கும் 1946-க்கும் இடையே இந்த மூன்று பதில்களையும் வைத்துத் தனித்தனியாகப் பாடம் நடத்திப் பார்த்துவிட்டார்கள். அந்த வாத்தியார்கள், அதே வரிசையில்: கிளாரன்ஸ் வொயிட், மொஹொலி-நாகி, ஆன்சல் ஆடம்ஸ். என் ஓட்டு வொயிட்டுக்கு. மற்ற இருவரையும் தள்ளிவிட முடியாது, ஆனால் வரிசை முக்கியம்.

வொயிட்டின் வழி: முதலில் செவ்வகத்தை நிரப்பு

வொயிட் 1907 முதல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் புகைப்படம் கற்பித்தார். அங்கே கலைத்துறையை நடத்தியவர் ஆர்தர் வெஸ்லி டவ். ஜப்பானிய மர அச்சுப் படங்களில் ஊறிய ஓவிய ஆசிரியர். கோடு, 'நோட்டான்' என்கிற கருமை வெண்மை அமைப்பு, நிறம் என்று மூன்றே விஷயங்களாகப் பாடத்தைச் சுருக்கியவர். பார்த்ததை அப்படியே வரைவது அவர் வகுப்பில் பின்னால்தான் வரும். ஒரே நிலக்காட்சியை நெட்டைச் செவ்வகத்தில் ஒரு தடவை, அகலச் செவ்வகத்தில் ஒரு தடவை, சதுரத்தில் ஒரு தடவை பொருத்திக் காட்டச் சொல்வார். கட்டம் மாறினால் மரம் எங்கே போகும், தொடுவானம் எவ்வளவு இறங்கும் என்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்.

1914-இல் வொயிட் சொந்தமாகப் பள்ளி தொடங்கியபோது டிசைன் பாடத்துக்கு அவர் கூப்பிட்டது மாக்ஸ் வெபர் என்ற க்யூபிச (பொருளை வடிவத் துண்டுகளாக உடைத்து வரைகிற) ஓவியரை. கேமராக்காரரைக் கூப்பிடவில்லை. இது எனக்குப் பிடித்த முடிவு. கேமராக்காரர் வந்தால் லென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பள்ளியில் 1921-இல் சேர்ந்தவர் பால் அவுட்டர்பிரிட்ஜ். மறு வருஷமே ஐட் கம்பெனியின் சட்டைக் காலருக்கு அவர் எடுத்த விளம்பரப் படத்தை இன்றைக்கும் வகுப்பில் காட்டலாம். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட தளம், அதன்மேல் ஒரே ஒரு வெள்ளைக் காலர். சட்டை இல்லை, போட்டுக்கொள்ள ஆளும் இல்லை. நேர்கோடுகளுக்குக் குறுக்கே காலரின் வளைவு ஓடுகிறது, அவ்வளவுதான் படம். ஒரு காலரை வைத்துக்கொண்டு இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?

இதை நம் வகுப்புக்குக் கொண்டுவரச் செலவே இல்லை. ஒரு தோசைக்கல், ஒரு முட்டை, ஒரு வெள்ளைத் துண்டு, ஜன்னல் வெளிச்சம். போன் கேமராவை மோனோவில், அதாவது கறுப்பு வெள்ளையில், வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முட்டையைத் துண்டின்மேல் வைத்தால் அது ஏறக்குறைய காணாமல் போகும், அடியில் விழும் நிழல்தான் அதைக் காப்பாற்றும். தோசைக்கல்லின் நடுவில் வைத்தால் கத்தும். கல்லின் விளிம்பில், பாதி கறுப்பின்மேலும் பாதி வெள்ளையின்மேலும் வருகிற மாதிரி வைத்தால்தான் விஷயம் சூடுபிடிக்கும். முட்டையின் ஒரு பக்கம் கூர்மையாகத் தெரிய, மறுபக்கம் துண்டோடு கரையும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் முட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினாலே படம் மாறுகிறது என்பதை மாணவர் தன் கையாலேயே தெரிந்துகொள்கிறார். ஃபிரேமை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் பொருளை வை என்கிற மூன்றில் ஒரு பங்கு விதியைப் பலகையில் கட்டம் போட்டு விளக்கினால் இது வராது. அந்த விதி, எங்கே வைக்கலாம் என்று மட்டும் சொல்லும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காது.

துணைக்கு இரண்டு பழைய உபாயங்கள் உண்டு. ஒன்று, 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகள். எதிரும் புதிருமாகப் பிடித்தால் எந்த விகிதத்திலும் ஃபிரேம் கிடைக்கும். இன்னொன்று, எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. அந்தக் காலத்துப் பெரிய கேமராக்களின் தேய்த்த கண்ணாடியில் காட்சி தலைகீழாகத்தான் விழும். முட்டை முட்டையாகத் தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது அவர்களுக்கு வசதி.

இந்த வழியின் குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. நாலு வாரம் விட்டால் படங்கள் மேஜை ஓவியமாக இறுகிப்போகும். எல்லாம் ஒழுங்காக இருக்கும், உயிர் இருக்காது. தெருவில் இறங்கினால் மனிதர்கள் முட்டை மாதிரி உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று மாணவர் பயப்படுவார். ஆனால் பயிற்சியே ஆளைக் கட்டிப்போட்டுவிடும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கொலம்பியாவில் வொயிட்டிடம் படித்த டோரதியா லாங்தான் பின்னாளில் வேலையற்றோர் வரிசையையும் பஞ்சம் பிழைக்கப் போன விவசாயக் குடும்பங்களையும் எடுத்தவர்.

மொஹொலி-நாகியின் வழி: கேமராவை ஓரமாக வை

மொஹொலி-நாகி ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் புகைப்படம் கற்பித்தார் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். 1923 முதல் 1928 வரை அவர் அங்கே பார்த்தது அடிப்படை வகுப்பும் உலோகப் பட்டறையும். முறையான புகைப்பட வகுப்பு அங்கே வந்தது 1929-இல், வால்டர் பீட்டர்ஹான்ஸின் பொறுப்பில். மொஹொலி-நாகியின் புகைப்படக் கல்வி உருப்பெற்றது 1937-இல் சிகாகோவில் அவர் தொடங்கிய நியூ பௌஹவுஸில்தான். அங்கே கேமராவுக்கு முன்னால் ஃபோட்டோகிராம் வரும். இருட்டறையில் ஒளி படும் தாளின்மேல் நேரடியாகப் பொருளை வைத்து விளக்கைப் போடுவது. பொருள் இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. கண்ணாடி வளையல், இலை நரம்பு, தண்ணீர் டம்ளர் போன்றவை நடுவாந்தரச் சாம்பல்களைக் கொடுக்கும்.

சிவப்பு விளக்கடியில் டெவலப்பர் தட்டில் படம் மேலெழும்பி வரும்போது வகுப்பே வாய் பிளந்து நிற்கும். என் தயக்கமும் அங்கேதான். ஃபோட்டோகிராமில் எதை வைத்தாலும் அழகாக வந்துவிடும். மாணவர் எந்த முடிவும் எடுக்காமலே பாராட்டு வாங்கிவிடுவார். போதாக்குறைக்கு இருட்டறை, தாள், ரசாயனம், தண்ணீர் என்று செலவு. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலம்போல இன்று இல்லை. 'இந்து' ஃபிலிமைத் தயாரித்த அந்த ஆலை மூடியாயிற்று. இருட்டறை இல்லாதவர்கள் சயனோடைப் செய்யலாம். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, நம் ஊர் வெயிலே விளக்கு, பைப் தண்ணீரில் கழுவினால் முடிந்தது. கறுப்புக்குப் பதில் நீலம் வரும், பரவாயில்லை.

ஆனால் சிகாகோவின் இன்னொரு பயிற்சியை நான் விடவே மாட்டேன். ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, மடித்து, வளைத்து நிறுத்தி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுப்பது. ஏ4 தாளும் போன் டார்ச்சும் போதும். பொருள் முழுக்க வெள்ளை, ஆனால் படத்தில் கரிய கறுப்பிலிருந்து பால் வெள்ளை வரை எல்லாம் இருக்கும். டார்ச்சைக் கிட்டத்தட்டத் தாளை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் பிடித்தால் மடிப்புகள் கத்தி விளிம்பாகும். நேர் எதிரே பிடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். காம்போசிஷன் என்ற அளவில் ஃபோட்டோகிராமைவிட இது பல படி மேல்.

ஆடம்ஸின் வழி: எடுக்கும் முன்பே பிரிண்டைப் பார்

ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையில், முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை 11 படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரண்டு மடங்கு, வித்தியாசம். நடுவில் இருப்பது 18 சதவீதச் சாம்பல், அதாவது மேலே படும் ஒளியில் அவ்வளவைத் திருப்பி அனுப்பும் சாம்பல். 1940-களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா நுண்கலைப் பள்ளியில் அவர் புகைப்படத் துறையைத் தொடங்கினார், மைனர் வொயிட் (இவர் வேறொரு வொயிட்) வந்து தொடர்ந்தார்.

இது அருமையான முறை, ஆனால் காம்போசிஷன் பாடம் கிடையாது. எந்தச் சாம்பல் எவ்வளவு என்று சொல்லும், அது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லாது. மேலும் அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக டெவலப் செய்யக்கூடிய ஷீட் ஃபிலிமுக்குப் பொருந்துகிற முறை. 36 படங்கள் உள்ள ரோலை ஒன்றாகத்தானே டெவலப் செய்ய வேண்டும்? இதிலிருந்து முதலாண்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. கேமராவின் ஒளி மீட்டர் எதையும் அந்த நடுச் சாம்பலாகவே நினைக்கும்; வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியை அது சொல்கிறபடி எடுத்தால் அழுக்கு வேட்டியாகும், எருமையை அப்படி எடுத்தால் வெளுத்துப்போகும். முன்னதற்கு ஒளியைக் கூட்டு, பின்னதற்குக் குறை. போதும்.

ஒரே தக்காளி, மூன்று வைத்தியம்

வாழையிலையில் ஒரு தக்காளி. கலரில் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளும். வொயிட்டின் மாணவர் தக்காளியை நகர்த்துவார், இலையின் நடுநரம்பு அதை வெட்டாமல் தொட்டுச் செல்கிற இடம் பார்ப்பார், அல்லது பின்னணியையே மாற்றுவார். மொஹொலி-நாகியின் மாணவர் விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோவார். பளபளப்பும் நிழலும் சேர்ந்து தக்காளியை உருட்டிக் காட்டும். ஆடம்ஸின் மாணவர் லென்ஸுக்குச் சிவப்பு ஃபில்டர் போடுவார், தக்காளி வெளுக்கும், இலை கறுக்கும். 1927-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை ஆடம்ஸே முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்து, திருப்தியில்லாமல் கடைசிக் கண்ணாடித் தட்டுக்குச் சிவப்பைப் போட்டு வானத்தைக் கறுப்பாக்கினார்.

மூன்றும் சரிதான். ஆனால் இன்று மூன்றாவது வைத்தியம் போனில் ஒரு ஸ்லைடராக உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் காட்டிவிட்டால் அப்புறம் யாரும் எழுந்து போய்த் தக்காளியை நகர்த்த மாட்டார்கள். அதனால்தான் ஆடம்ஸைக் கடைசியில் வைக்கிறேன். ஒரு செமஸ்டர் கையில் இருந்தால் பாதிக்குமேல் வொயிட்டுக்கு, இரண்டு மூன்று வாரம் மடித்த தாளுக்கு, மிச்சம் தெருவுக்கு. ஸ்லைடர் கடைசி வாரம்.

கேமரா விஷயம் இரண்டு வரியில். மிரர்லெஸ் என்றால் மோனோ வைத்ததும் வ்யூஃபைண்டரிலேயே கறுப்பு வெள்ளை தெரியும். டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்துப் பார்த்தால் கலர்தான் தெரியும், லைவ் வ்யூவுக்குப் போக வேண்டும். ரா (கேமரா பதிந்த மூலக் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டும் சேமிக்கச் சொல்லுங்கள், ராவில் கலர் பத்திரமாக இருக்கும். இருட்டறை இருக்கிற கல்லூரி ஃபிலிமையும் வைத்துக்கொள்ளட்டும், இல்லாதவர்கள் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

ஃபிலிமிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்குங்கள்: கான்டாக்ட் ஷீட். மாணவர் தேர்ந்தெடுத்த ஒரு படத்தை மட்டும் வாங்கி மதிப்பெண் போட வேண்டாம். எடுத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக ஒரே ஏ4 தாளில், சாதாரண லேசர் பிரிண்டரில் அடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். முட்டை எந்த ஃபிரேமிலிருந்து நகர ஆரம்பித்தது, எங்கே சும்மா பட்டனை அழுத்தியிருக்கிறார், எங்கே நின்று யோசித்திருக்கிறார் என்று எல்லாம் அதில் தெரியும். மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.