‘20 மி.மீ. ஜெல் பேட்’ என்று போட்டிருந்தால் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஆன்லைனில் வாங்கிய, உட்காரும் இடத்தில் மெத்தை (பேட்) வைத்துத் தைத்த ஒரு சைக்கிள் ஷார்ட்ஸை பிளேடால் அறுத்துப் பார்த்ததில் தெரியவந்தவை இவை. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கு பத்துப் பதினைந்து பெயர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவரைச் சொல்லி மற்றவரை விட்டால் பயனில்லை.

விளம்பரத்தில் இருந்தது: ‘20 மி.மீ. 4டி ஜெல் பேட், நைலான் - ஸ்பான்டெக்ஸ், நெடுந்தூரத்துக்கு ஏற்றது.’ அளந்து பார்த்தால் தடிமன் 20 மி.மீ. இருக்கத்தான் செய்கிறது. ஏமாற்று அதற்குள்ளே இருக்கிறது. மேல்துணியை உரித்தால், முனைக்கு முனை ஒரே அடர்த்தியில் ஒரே துண்டு ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் இரண்டு விரலும் ஒன்றையொன்று முட்டுகின்றன. ஜெல் ஒரு சொட்டுகூடக் கிடையாது. சூட்டில் அழுத்தி மேடாக்கிய வரிகளைத்தான் ஜெல் என்று எழுதியிருக்கிறார்கள். ‘4டி’ என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை, விற்பவருக்கு விற்பவர் அர்த்தம் மாறும்.

இதில் என்ன கெடுதல் என்றால், சீட்டில் உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில்தான் இறங்க வேண்டும். மெத்தென்ற ஸ்பாஞ்ச் அந்த இரண்டு இடத்திலும் முழுசாக நசுங்கிவிடும். நசுங்காமல் மிஞ்சிய நடுப்பகுதி மேலே எழும்பி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற மென்மையான இடத்தில் போய் அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான். அதாவது தடிமனான மெத்தைப் பேடைவிட மெல்லிய, கெட்டியான பேட் மேல். நெடுந்தூரத்துக்கான நல்ல பேடில் எலும்பு படும் இடத்தில் மட்டும் கன மீட்டருக்கு 80 முதல் 120 கிலோ வரை அடர்த்தியுள்ள ஃபோம் இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக மெலியும், நடுவில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். வாங்கும்போது அடர்த்தியை அளக்க முடியாது. ஆனால் விரலால் அழுத்தினால் பாதியில் நிற்கிறதா, விட்டதும் உடனே எழும்புகிறதா என்று பார்க்கலாமே.

பிறகு எப்படி அதற்கு ஐந்து நட்சத்திரம் விழுகிறது? முதல் 15 கிலோமீட்டர் எந்த ஸ்பாஞ்சும் சுகமாகத்தான் இருக்கும். வீட்டில் போட்டுப் பார்த்து எழுதும் மதிப்புரைகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு எழுதியவற்றை மட்டும் தேடிப் படியுங்கள்.

அடுத்தது தையல். அறுத்த ஷார்ட்ஸில் பேடின் ஓரம் மடிக்காமல் வெட்டி, மேலே ஜிக்ஜாக் தையல் போட்டிருந்தது. உள்தொடையில் அது ஒரு வரப்பு போல நிற்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 தடவை அந்த வரப்பு தோலில் உரசும். தோல் வழன்று போக அது போதும். ஷார்ட்ஸை உள்வெளியாகத் திருப்பி, விரல் நுனியால் பேடைச் சுற்றித் தடவுங்கள். விரலுக்குத் தட்டுப்படுவது தொடைக்கும் தட்டுப்படும்.

துணியிலும் தில்லுமுல்லு இருந்தது. விளம்பரத்தில் நைலான், உள்லேபிளில் பாலியெஸ்டர் 92 சதவீதம், எலாஸ்டேன் (ஸ்பான்டெக்ஸின் இன்னொரு பெயர், இழுபடும் இழை) 8 சதவீதம். நல்ல ஷார்ட்ஸில் எலாஸ்டேன் 20 சதவீதம் வாக்கில் இருக்கும். அது குறைந்தால் பேடைத் தோலோடு ஒட்டிப் பிடிக்க முடியாது, பேட் தனியாக நகரும், உரசல் அங்கே ஆரம்பமாகும். ‘லூஸா இருந்தா வசதி’ என்று ஒரு சைஸ் பெரிதாகத் தள்ளிவிடுவதும் இதே கதைதான். நிற்கும்போது சற்று இழுத்துப் பிடித்து, குனிந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது சரியாக அமர்வதே உங்கள் சைஸ். துணியை முஷ்டிமேல் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கை நிறம் தெரிந்தால், குனியும்போது மற்றதும் தெரியும்.

திருப்பி அனுப்பக் கேட்டபோது வந்த பதில்: ‘உள்ளாடை வகை, திரும்ப எடுக்க மாட்டோம்.’ லேபிள் வித்தியாசத்தைக் காட்டியதும், ‘துவைத்ததில் கெட்டிருக்கும்’ என்றார்கள். துவைத்தால் பாலியெஸ்டர் நைலானாக மாறாது என்பது வேறு விஷயம். ஆகவே ஆர்டர் போடும் முன்பே திருப்பி எடுக்கும் விதியைப் படியுங்கள். பார்சல் பிரிப்பதை, உள்லேபிள் தெரியும்படி, நடுவில் நிறுத்தாமல் ஒரே தொடராக வீடியோ எடுங்கள். டேகைக் கிழிக்காமல், உள்ளாடைக்கு மேல் போட்டு, சுவரில் சாய்த்த சொந்த சைக்கிளில் 10 நிமிடம் உட்காருங்கள். இது சோதனைக்கு மட்டும். ஓட்டும்போது உள்ளே ஜட்டி கூடாது. பேடின் வேலையையே அது கெடுத்துவிடும், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தையலாலும் அறுக்கும்.

வேலைக்குப் போய்வர இதெல்லாம் தேவையா என்றால், அரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்குத் தேவையே இல்லை. கவட்டில் தடித்த தையல் முடிச்சு இல்லாத சாதாரண பேன்ட் போதும், ஜீன்ஸைத் தவிருங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் பேட் உண்மையிலேயே உழைக்கும். அவர்களுக்கும் முதலில் சீட் உயரம் சரியாக வேண்டும். மிதிக்கும்போது இடுப்பு இடவலமாக ஆடினால் சீட் உயரமாக இருக்கிறது என்று பொருள், அதை எந்தப் பேடும் சரிக்கட்டாது.

ஷார்ட்ஸ் மட்டுமல்ல, சைக்கிள் ஓட்ட மழைக்கோட்டு வாங்கினாலும் உள்பக்கம் திருப்பித் தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். டேப் இல்லையென்றால் ‘10,000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப்’ (எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு) என்பது துணிக்குத்தான், ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

பளிச்சிடும் மஞ்சள் ஜெர்சியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அந்த நிறம் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பாகத் தெரியும், இரவில் அதற்குத் தனி மதிப்பில்லை. இரவுக்கு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை வேண்டும். சிலர் சாம்பல் நிறத்தில் வெறும் பிரின்ட் அடித்து அதையே ‘ரிஃப்ளெக்டிவ்’ என்று விற்கிறார்கள். இருட்டறையில் ஐந்தாறு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். அசல் பட்டை வெள்ளையாக எரியும், போலி சாம்பலாகவே கிடக்கும். ஒரே ஒரு பட்டைதான் வாங்க முடியும் என்றால் அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் ஆடுவதால், வருவது சைக்கிள் என்று பின்னால் வருகிறவருக்குச் சட்டென்று தெரியும்.