மின்வெட்டு நேரத்துக்கு எந்தக் கட்டளைக் கருவி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கன்டெய்னர்களில் (மென்பொருளைத் தனியே அடைத்து இயக்கும் பொதிகளில்) போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நடத்துகிற எவருக்கும் மின்வெட்டு அட்டவணை மனப்பாடம். 2023இல் ஆறாம் நிலை வரை (நிலை எண் கூடினால் மின்வெட்டும் கூடும்) போன மின்வெட்டு பிறகு தணிந்தது. ஆனால் கேபிள் திருட்டும் பழுதும் ஓயவில்லை. ஆகவே தரவுத்தளத்தை இயக்கும் கருவிகளை ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மின்சாரம் போனால், அதே நகரின் ஃபீனிக்ஸ் பகுதியில் உள்ள சர்வர் பொறுப்பேற்குமா?

கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் கம்போஸ் ஒற்றைச் சர்வருக்கானது. மின்சாரம் திரும்பியதும் கன்டெய்னரை எழுப்பிவிடும், அவ்வளவுதான். தினமும் பேக்கப் எடுக்கும் சிறிய சங்கத்துக்கு அதுவே போதும்.

ஒரு சர்வர் விழுந்தால் மற்றொன்றைப் பொறுப்பேற்க வைப்பதில் உண்மையான போட்டி பேட்ரோனிக்கும் கிளவுட்நேட்டிவ்பிஜிக்கும் இடையில்தான்.

ஸலாண்டோ நிறுவனத்தில் உருவான பேட்ரோனியின் கட்டளைக் கருவி பேட்ரோனிசிடிஎல். அதில் 'லிஸ்ட்' என்று அடித்தால் எந்தச் சர்வர் முதன்மை, எது எத்தனை மெகாபைட் பின்தங்கியிருக்கிறது என்பது ஒரே அட்டவணையில் தெரியும். நடு இரவில் தூக்கக் கலக்கத்தோடு பார்த்தாலும் புரியும். முதன்மை சர்வர் தான்தான் முதன்மை என்று காட்டும் பூட்டைப் புதுப்பிக்காமல் 30 விநாடி கடந்தால், மற்றொன்று பொறுப்பேற்கப் போட்டியிடும். இந்த 30 இயல்பான அளவு, மாற்றிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்விட்ச்ஓவர்' கட்டளைக்கு நேரம் குறிக்கும் வசதி. சாட்ஸ்வொர்த்தில் எட்டு மணிக்கு மின்வெட்டு என்றால், ஏழே முக்காலுக்குப் பொறுப்பை ஃபீனிக்ஸுக்கு மாற்றும்படி காலையிலேயே சொல்லிவைக்கலாம். மின்வெட்டு ரத்தானால் 'ஃப்ளஷ்' அந்த ஏற்பாட்டை நீக்கிவிடும். நம் ஊருக்கென்றே செய்தது போன்ற வசதி இது!

கிளவுட்நேட்டிவ்பிஜி, பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸுக்குள் மட்டுமே வாழும். அதன் 'ஸ்டேட்டஸ்' கட்டளை பேக்கப் நிலையையும் சேர்த்துக் காட்டும். இதில் அது பேட்ரோனியை முந்துகிறது. 'ஹைபர்னேட்' தரவை வைத்துக்கொண்டு கன்டெய்னர்களை மட்டும் நிறுத்தும். பேட்ரோனியில் போல, எது முதன்மை என்ற பூட்டை வைத்திருக்கும் எட்சிடியைத் தனியாக நடத்தும் வேலையும் இல்லை. ஆனால் 'ப்ரமோட்' உடனே பொறுப்பை மாற்றத் தொடங்கும். நேரம் பார்த்து அதை இயக்கும் வேலை நம்முடையது.

ஏற்கெனவே குபெர்னெட்டிஸ் உள்ள அலுவலகம் கிளவுட்நேட்டிவ்பிஜியை விட்டு வேறெதையும் தேட வேண்டாம். இரண்டு மூன்று சர்வர்கள் மட்டும் வைத்திருப்போருக்கு நான் பேட்ரோனியைத்தான் சொல்வேன். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: எட்சிடியின் மூன்று உறுப்பினர்களில் (அதை இயக்கும் சர்வர்களில்) இருவரை ஒரே மின்வெட்டுப் பகுதியில் வைத்தால், அங்கே விளக்கு அணைந்ததும் பெரும்பான்மை போய்விடும், உயிரோடு இருக்கும் முதன்மையும் எழுதுவதை நிறுத்திவிடும். மூன்றாவது உறுப்பினரை மேகத்தில் (இணையவழி வாடகைச் சர்வரில்) வையுங்கள். 2020 முதல் அமேசானின் தரவு மையங்கள் கேப் டவுனிலேயே இருக்கின்றன.