ஸ்பெக்ட்ரமா, கமடோர் 64-ஆ? இரண்டு எட்டு பிட் கணினிகள், ஒரு மதிப்பீடு

சின்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் பிரிட்டனில் அறிமுகமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கமடோர் 64, அடுத்த சில மாதங்களில் பிரிட்டிஷ் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. அன்று அந்த நாட்டுப் பள்ளி மாணவர்களிடையே தொடங்கிய 'எது உசத்தி' என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நிறம் எத்தனை, ஒலி எப்படி என்ற அளவிலேயே அந்த வாதம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த அளவுகோலில் ஸ்பெக்ட்ரம் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். ஆனால் கணினி வாங்கிய ஒரு வீட்டில் அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்தது, யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று பார்த்தால், தீர்ப்பு அவ்வளவு எளிதாக இல்லை.

முதலில் விலை. 48கே (கிலோபைட்) நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரத்தின் தொடக்க விலை 175 பவுண்டு. 16கே மாதிரி 125 பவுண்டுக்கே கிடைத்தது. அமெரிக்காவில் 595 டாலருக்கு அறிமுகமான கமடோருக்கு, பிரிட்டனில் தொடக்கத்தில் ஸ்பெக்ட்ரத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பெக்ட்ரத்துக்கு வீட்டில் பாட்டுக் கேட்கும் சாதாரண டேப் ரெக்கார்டரே போதும். கமடோருக்கோ அதற்கென்றே தயாரித்த டேட்டாசெட்டைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டு நிறுவனங்களும் செலவைக் குறைத்த வழிகள் வேறு வேறு. சின்க்ளேர், பல சில்லுகள் செய்ய வேண்டிய வேலையை ஃபெரான்டி தயாரித்த ஒரே யூஎல்ஏ சில்லுக்குள் அடக்கியது. கமடோரோ, மாஸ் டெக்னாலஜி என்ற சில்லுத் தொழிற்சாலையையே 1976-இல் வாங்கிவிட்டதால், படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சில்லுகளை அடக்க விலையில் தானே செய்துகொண்டது. ஸ்பெக்ட்ரத்தில் எல்லாச் சுமையும் செயலியின் தலையில் விழுந்தது. கமடோரில் அந்தச் சுமையைச் சில்லுகள் பங்கிட்டுக்கொண்டன. மற்ற வேறுபாடுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் 256-க்கு 192 புள்ளிகள். அவற்றுக்கு 6,144 பைட்டுகள். நிறங்களுக்கு வெறும் 768 பைட்டுகள். நினைவகத்தை மிச்சப்படுத்த, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்கள் என்று வரையறுத்துவிட்டார்கள். விளைவு, மஞ்சள் நிறப் பாத்திரம் ஒன்று சிவப்புச் சுவரைக் கடக்கும்போது, அது நிற்கும் கட்டத்திலுள்ள செங்கற்களும் மஞ்சளாகிவிடுகின்றன. அது நகர்ந்த பிறகே சுவர் தன் நிறத்துக்குத் திரும்புகிறது. கமடோரில் இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்க முடிந்தது. அதன் விக்-2 சில்லு, 24-க்கு 21 புள்ளிகள் அளவுள்ள எட்டு ஸ்பிரைட்டுகளை, அதாவது தனியாக நகரும் சிறு உருவங்களை, பின்னணியின் நிறத்தைத் தொடாமலேயே நகர்த்தும். இரண்டு ஸ்பிரைட்டுகள் மோதிக்கொண்டால் அதையும் தானே கண்டு சொல்லும். திரையை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தும் வசதியும் அதிலேயே உண்டு. ஸ்பெக்ட்ரமோ ஆறு கிலோபைட் திரையைச் செயலியைக் கொண்டே அள்ளி மாற்ற வேண்டும்.

ஆயினும் கமடோரின் படம் எப்போதும் அழகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பல நிறங்கள் வேண்டுமென்றால் புள்ளியின் அகலம் இரட்டிப்பாகி, கிடைமட்டத்தில் 160 புள்ளிகளே மிஞ்சும். உருவங்கள் பருத்துத் தெரியும். அதன் பதினாறு நிறங்களில் சாம்பல் மட்டுமே மூன்று வகை. மங்கிய பழுப்பும் சாம்பலும் நிறைந்த அந்தத் திரைகளுக்குப் பக்கத்தில், கறுப்புப் பின்னணியில் ஒற்றை நிறத்தில் நறுக்கென்று தெரியும் ஸ்பெக்ட்ரம் படம் என் கண்ணுக்கு மேலாகவே படுகிறது. அல்டிமேட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட நைட் லோர் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. ஓர் அறையைக் கோணலாகப் பார்ப்பதுபோல முப்பரிமாணத் தோற்றத்தில் வரைந்து, அறை முழுவதற்கும் ஒரே நிறத்தைக் கொடுத்து, நிறக் கலப்புப் பிரச்சினையையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அந்த விளையாட்டு அக்காலத்தில் கமடோருக்கு வரவே இல்லை. இத்தகைய வேலைகளில் ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலிக்குக் கொஞ்சம் கூடுதல் வலுவும் இருந்தது. அதன் வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ், கமடோரின் 6510 செயலிக்கோ ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு கட்டளையை முடிக்க இசட்80 கூடுதல் கடிகாரத் துடிப்புகளை எடுத்துக்கொள்வதால், விளம்பரத்தில் தெரிந்த மூன்றரை மடங்கு நடைமுறையில் கிடைக்காது.

ஒலியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கமடோருக்காக பாப் யானஸ் வடிவமைத்த சிட் ஒலிச் சில்லு மூன்று குரல்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அலைவடிவம், எல்லாவற்றுக்கும் பொதுவான வடிகட்டி என்று கிட்டத்தட்ட ஓர் இசைக்கருவியாகவே அமைந்தது. ராப் ஹப்பர்டும் மார்ட்டின் கால்வேயும் அதில் எழுதிய இசையை இன்றும் தனியாக உட்கார்ந்து கேட்கிறவர்கள் உண்டு. 48கே ஸ்பெக்ட்ரத்தில் இருந்ததோ செயலியே தட்டித் தட்டி ஒலிக்கவைக்கும் சிறு பீப்பர்தான். பின்னால் வந்த 128 மாதிரியில் மூன்று குரல் சில்லைச் சேர்த்தபோதும் இந்த இடைவெளி மறையவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டிலும் உள்ளேயே வந்த பேசிக் என்ற நிரல் மொழி. கமடோரை இயக்கியதும் நீலத் திரையில் 38,911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற பெருமிதமான வரி தோன்றும். ஒரு வட்டம் வரையலாம் என்று உட்கார்ந்தால், அதற்கான கட்டளையே அதில் இல்லை. ஒரு ஸ்வரம் எழுப்புவதானாலும் 54296 என்ற நினைவக முகவரியில் ஒலி அளவு, 54277-இல் ஒலி எழுந்து தணியும் விதம், 54276-இல் அலைவடிவம் என்று போக் கட்டளையால் எண்களை வரிசையாகத் திணிக்க வேண்டும். அவ்வளவு அருமையான சில்லுகளைச் செய்துவிட்டு, அவற்றைத் தொட ஒரு சொல்லைக்கூடப் பயனருக்குத் தராமல் விட்டதைக் கஞ்சத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பெக்ட்ரத்திலோ சர்க்கிள் 128,88,50 என்று ஒரு வரி எழுதினால் திரையின் நடுவே வட்டம் விழுகிறது. பீப் 1,0 என்றால் ஒரு நொடிக்கு ஒரு ஸ்வரம் ஒலிக்கிறது. இங்க், பேப்பர், பார்டர் என்ற கட்டளைகளுக்கு விளக்கமே தேவையில்லை.

ஸ்பெக்ட்ரத்தின் நாற்பது ரப்பர் விசைகளைக் கேலி செய்யாதவர் இல்லை. அழுத்தினால் மெத்தென்று அமுங்குமே தவிர, தட்டச்சு செய்த உணர்வே வராது. கட்டளைகளையும் எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. பி விசையை அழுத்தினால் பிரிண்ட் என்ற சொல் முழுதாக விழும், ஜே என்றால் லோட். சில சொற்களுக்கு இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் சேர்த்து அழுத்திவிட்டு மூன்றாவதைத் தேட வேண்டும். ஆனால் ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதிய இந்த பேசிக்கில் பெரிய நன்மை ஒன்று இருந்தது. வரியில் இலக்கணப் பிழை இருந்தால் அதை உள்ளே எடுத்துக்கொள்ளாமல், பிழையான இடத்திலேயே ஒரு கேள்விக்குறியை மினுக்கிக் காட்டும். கமடோர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, நிரலை ஓட்டும்போதுதான் சின்டாக்ஸ் எரர் என்று நிற்கும். வரியைச் சொல்லும், வரியில் எங்கே என்று சொல்லாது. எழுதியதைத் திருத்துவதில் மட்டும் கமடோருக்கே முதலிடம். திரையில் எந்த வரிக்கும் கர்சரைக் கொண்டுபோய் மாற்றி ரிட்டர்ன் விசையை அழுத்தினால் வேலை முடிந்தது.

நிரல்களை டேப்பிலிருந்தோ டிஸ்கிலிருந்தோ ஏற்றும் நேரத்தில் இரண்டும் பொறுமையைச் சோதிப்பவை. ஸ்பெக்ட்ரம் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட ஐந்து நிமிடம் போல எடுக்கும்; ரெக்கார்டரின் ஒலி அளவு சற்றுப் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கமடோருக்கு 1541 டிஸ்க் டிரைவ் இருந்தது. ஆனால் டிஸ்க் என்ற பெயருக்கு அது தந்த வேகம் நொடிக்குச் சில நூறு பைட்டுகள்தான், ஏற்றுவதை விரைவுபடுத்தும் ஃபாஸ்ட் லோடர் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியே வாங்கினால்தான் அது மனிதர் பயன்படுத்தும் நிலைக்கு வரும்.

இவ்விரண்டையும்விட நல்ல பேசிக், நல்ல விசைப்பலகை வேண்டும் என்றவர்களுக்கு பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கணினி இருந்தது. 1984-இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே நம்மில் சிலர் அதைத் தொட்டும் பார்த்திருக்கலாம். ஆனால் அதன் மாடல் பி வகை 399 பவுண்டு; அது பள்ளி வாங்கும் விலை, வீடு வாங்கும் விலை அல்ல.

எனவே விளையாடவும் இசை கேட்கவும் ஒன்று என்றால் நான் தயங்காமல் கமடோரைச் சொல்வேன். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும், கையில் காசு குறைவு என்ற நிலையில் இருந்த 1983-ஆம் ஆண்டுக் குடும்பத்துக்கு ஸ்பெக்ட்ரமே சரியான தேர்வு. அரை விலைக்கு அது மட்டமான சரக்கு என்ற பேச்சில் நியாயம் இல்லை.

இன்று பழைய பெட்டியைத் தேடி வாங்க நினைப்பவர்கள், கமடோரின் பழைய மின் அடாப்டரை அப்படியே சொருகக் கூடாது. அது பழுதாகும்போது மின்னழுத்தத்தைக் கூட்டி நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். ஸ்பெக்ட்ரத்தில் விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு காய்ந்து விரிசல் விட்டிருக்கும். புதிய தகடு எளிதில் கிடைக்கிறது. இந்தத் தலைவலிகள் வேண்டாம் என்றால் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த 'தி ஸ்பெக்ட்ரம்' அந்த ரப்பர் விசைகளோடே எச்டிஎம்ஐ தொலைக்காட்சியில் இயங்குகிறது, 48 விளையாட்டுகளும் உள்ளேயே இருக்கின்றன. கமடோர் பக்கம் அதே நிறுவனத்தின் முழு அளவு 'தி சி64'-ஐ வாங்கலாம். 2018-இல் வந்த அதன் சிறிய வடிவமான மினியில் விசைகள் வெறும் அச்சுதான், அழுத்தினால் அசையாது; பேசிக்கில் வசதியாக நிரல் அடிக்க யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைத் தனியே சொருக வேண்டும்.