கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டரா, மண் சென்சாரா?

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஆட்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டாரை ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்று. மண்ணில் சென்சாரைப் புதைத்து, ஈரம் குறைந்தால் வால்வைத் தானே திறந்து, எல்லாவற்றையும் ஆப்பில் கோடு போட்டுக் காட்டும் ஸ்மார்ட் பாசனம் இன்னொன்று. நான் வாங்கியது ஸ்டார்ட்டர். சென்சார் செட்டை மாமாவின் தோட்டத்தில் ஒரு கோடை முழுக்கக் கூடவே இருந்து பார்த்தேன்.

விலை தெரிந்த கதைதான். ஸ்டார்ட்டர் சில ஆயிரங்களில் முடியும். சென்சார், வால்வு, சோலார் பேனல் என்று சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறையின் மானியத் திட்டம் உண்டு, அலுவலகத்தில் இந்த வருஷ நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சென்சார் செட் பாதி விலைக்கு வந்திருந்தாலும் நான் ஸ்டார்ட்டரைத்தான் எடுத்திருப்பேன்.

காரணம், தோட்டத்தில் தினமும் என்னைப் படுத்தியது எது என்பதுதான். மும்முனை கரண்ட் ராத்திரி எந்நேரம் வரும் என்று காத்திருந்து, வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் திரியும் நேரமும் அதுதான். போய்ச் சேர்வதற்குள் மும்முனையில் ஒரு முனை, அதாவது ஒரு ஃபேஸ், போயிருக்கும். இப்போது கரண்ட் வந்தால் போன் அடிக்கிறது, வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடுகிறேன். கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் ஒரு ஃபேஸ் விட்டுப்போனாலும் ஸ்டார்ட்டரே நிறுத்திவிடுகிறது. அம்மா ராத்திரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நின்றுவிட்டது.

சென்சார் சொல்வது வேறு: மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று. நல்ல தகவல்தான். ஆனால் மல்லிகையில் மொட்டு விரிவதற்கு முன் பறித்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் சீசனில் விடியுமுன்பே செடிக்கடியில்தான் நிற்கிறோம். காலில் மிதிபடும் மண்ணே ஈரத்தைச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் பாய்ச்சுவதோ வாரம் ஒரு தடவைக்குச் சற்று முன்பின். அதற்காகத் தினமும் ஆப்பைத் திறக்க யாருக்கும் தோன்றாது. மாமா முதலில் வருகிறவர்களுக்கெல்லாம் போனை நீட்டிக் காட்டினார், சித்திரை கழிவதற்குள் திறப்பதையே விட்டுவிட்டார். போதாததற்கு அது கரிசல் மண். காய்ந்தால் வெடிப்பு விடும், சென்சாரைச் சுற்றிக் காற்று புகுந்துகொள்ளும், பாய்ச்சிய மறுநாளும் காய்ந்த மண் என்றே காட்டும்.

அமெரிக்காவில் 2001 டிசம்பரில் செக்வே என்ற இரண்டு சக்கர வண்டியை அறிமுகம் செய்தார்கள். நகரங்களையே மாற்றப்போகிறது என்று பேச்சு. விலை 5,000 டாலர் அளவில். நின்றபடி சாய்ந்தால் போகும், அற்புதமான பொறியியல். ஆனால் நடக்கிற தூரத்துக்குக் கால் இருக்கிறது, அதற்கு மேல் பஸ்ஸோ வண்டியோ இருக்கிறது. இடையில் அது தீர்த்துவைக்க அன்றாடக் கஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. 2020-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். சென்சார் செட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டி ஞாபகம்தான் வருகிறது.

இனி பழுது. என் முடிவில் பாதிக்கு மேல் இதுதான். ஸ்டார்ட்டர் ஒரு மழை நாளில் நின்றுபோனது. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ரிலே போயிருச்சு. சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றார். அன்று ராத்திரியே தண்ணீர் பாய்ந்தது. பெட்டி சரியாகும்வரைகூடப் பழைய ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்கி ஓட்டலாம். மாமாவின் செட்டில் ஒயரை எலி கடித்தது, ஒரு வால்வில் பாசி அடைத்தது. உள்ளூரில் யாரும் தொடமாட்டேன் என்றார்கள். விற்றவர்கள் வெளியூரிலிருந்து ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், ஆள் வருவதற்குள் கோடை போய்விட்டது. அதோடு, ஆப்புக்குப் பின்னால் யாருடைய சர்வரோ ஓட வேண்டும். ஹியூமேன் என்ற கம்பெனி 2024-ல் சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ பின் ஒன்றை 699 டாலருக்கு விற்றது, மாதச் சந்தா தனி. 2025 பிப்ரவரி 28-ல் சர்வரை நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் சட்டையில் இருந்தது அதற்குப் பிறகு ஒரு வேலைக்கும் ஆகவில்லை. பத்து வருஷம் உழைக்க வேண்டிய பாசனச் சாமானை அப்படி ஒன்றை நம்பி நான் மாட்டமாட்டேன்.

சென்சாரை ஒதுக்கித் தள்ளுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்தது ஒரே தோட்டம், ஒரே மண். பசுமைக்குடிலில் சொட்டுநீர் வழியே உரம் விடுகிறவர்களுக்கும், தோப்பை ஆளிடம் விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவர்களுக்கும் அது தினமும் பயன்படக்கூடும். செம்மண்ணில் சென்சார் இன்னும் ஒழுங்காகக் காட்டலாம்.

ஸ்டார்ட்டர் எடுப்பதென்றால் இரண்டைப் பாருங்கள். கிணற்றடியில் எந்த சிக்னல் கிடைக்கிறதோ அந்த சிம்மைப் போடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டி 2ஜியில் மட்டும் ஓடுவதென்றால் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவில் 2ஜி கிடையாது. ரீசார்ஜ் தேதியை வீட்டு காலண்டரில் குறித்துவையுங்கள், சிம் செத்தால் பெட்டியும் பேசாது. கையால் போடும் வழியை எடுத்துவிட்டு மாட்டுகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.