கிழக்குக் குன்லுன் மலையில்: ஓடை வண்டலா, மண்ணா?

சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தின் கிழக்குக் குன்லுன் மலைகளில் தாது தேட வரும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, மாதிரியாக ஓடை வண்டலை அள்ளுவதா, மண்ணைத் தோண்டி எடுப்பதா என்பதைத்தான்.

பரப்பு பெரிதென்றால் ஓடை வண்டல். சதுர கிலோமீட்டருக்கு 1 மாதிரி போதும். 1970களின் இறுதியில் தொடங்கிய சீன தேசியப் புவிவேதியியல் கணக்கெடுப்பின் அடிப்படை அடர்த்தியும் அதுவே. ஓடையில் 20, 30 மீட்டருக்குள் நாலைந்து இடங்களில் அள்ளிக் கலக்குங்கள். சரிந்து விழுந்த கரைமண்ணைத் தொடாதீர்கள்.

பலரும் சறுக்குவது சல்லடையில். மழை அதிகமுள்ள நாடுகளில் பழகிய கை 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்கள்) சல்லடையைத்தான் எடுக்கும். இங்கே அதில் இறங்குவது பெரும்பாலும் காற்று கொண்டுவந்த மணலும் புழுதியும். மலையின் செம்பும் நிக்கலும் அதற்குள் அமுங்கிவிடும். 10 மெஷில் இறங்கி 60 மெஷில் தங்கும் பருமணலே வேண்டும். உள்ளங்கையில் பரப்பினால் முனை மழுங்காத பாறைத் துணுக்குகள் நெருடும். பித்தளைச் சல்லடை கூடவே கூடாது: அதன் செம்பும் துத்தநாகமும் மாதிரியில் ஏறும்.

மண் மாதிரி, இடம் குறுகிய பிறகு. 100 மீட்டருக்கு ஒரு கோடு, கோட்டில் 20 மீட்டருக்கு ஒரு குழி என்றால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 500 குழிகள். புழுதியைத் தாண்டி, சிதைந்த பாறை தட்டும்வரை தோண்ட வேண்டும். உறைநிலம் குறுக்கிட்டால் தோண்டுவது அங்கேயே நின்றுவிடும். எடுத்த எடுப்பிலேயே இதில் இறங்குவது வீண்செலவு.

எதுவானாலும், அனுமதியும் சீனக் கூட்டாளியும் இல்லாமல் ஜிபிஎஸ் கருவியில் ஒரு புள்ளிகூடப் பதியாதீர்கள். 2007 முதல் வெளிநாட்டவரின் நில அளவைக்குத் தனி விதி இருக்கிறது.